மைக் யார் கையில்?

(எங்கள் காலனியில் நடந்த கலை இலக்கிய விழாவின் இரண்டாம் நாள் காலை, இளைஞர் அரங்கில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



விழாவை ஏன் டவுன் மண்டபத்திலிருந்து காலனிக்குள் கொண்டுவந்தீங்க என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். மண்டபத்தில் ஃபேன் உண்டு, நாற்காலி உண்டு, பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். இங்கே சாமியானாவும் புழுதியும்தான். செலவு மிச்சம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அது பொய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருசம் எழுத்தாளத் தோழர் ஒருவர் தன் கதையை வாசித்தார். நடவு வேலையைப் பற்றிய கதை. நல்லாத்தான் வாசித்தார். மத்தியானம் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள் என்று வந்த இடத்தில், கடைசி வரிசையிலிருந்து நம்ம தெருப் பெரியம்மா ஒருத்தர் எழுந்தார். "ஏப்பா, அப்படி இல்ல..." அவ்வளவுதான் சொன்னார். நான்தான் ஓடிப்போய், "கேள்வி நேரம் அப்புறமா இருக்கு, உட்காருங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார். கேள்வி நேரத்தில் பேராசிரியர்கள் கேட்டார்கள், கல்லூரி மாணவர்கள் கேட்டார்கள். அதற்குள் பெரியம்மா கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எங்கப்பா உட்கார விட்டான்? சேத்துல நின்னு கையை ஏந்துவோம், மேலேருந்து ஊத்துவாங்க. வரப்புல குந்துனா அரைக்கூலிதான். அதான் சொல்ல வந்தேன்" என்றார்.

இது உள்ளே போயிருந்தால் அந்தக் கதையே வேற. எழுதிய தோழரிடம் சொன்னேன். "மைக்கை அவங்ககிட்ட குடுத்திருக்கலாமே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கொடுக்காதது யார்? ஆதிக்க சாதிக்காரன் இல்லை. நம்மைப் பேசவிடவில்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிற நான்.

இலக்கிய விழா என்றாலே நம் மனசில் ஒரு படம் இருக்கு. மேலே அஞ்சு பேர், பொன்னாடை, கீழே வாயை மூடிக்கிட்டுக் கூட்டம். இந்தப் படம் இரவல் வாங்கினது. நம்ம விழாக்களோட வழி வேற. 1958இல் பம்பாயில் முதல் தலித் இலக்கிய மாநாடு நடந்தது. அதைத் தொடங்கி வைத்துப் பேசியவர் அண்ணாபாவ் சாதே. பள்ளிக்கூடத்தில் ஓரிரு நாள் தாண்டி உட்காராதவர் என்பார்கள். மில் வேலை பார்த்தவர், காட்கோபர் சிராக் நகர்க் குடிசையில் இருந்து எழுதியவர். பவாடாவும் தமாஷாவும் பாடித் தொழிலாளிகளைத் திரட்டியவர். பூமி ஆதிசேஷன் தலையில் நிற்கவில்லை, தலித்துகளும் தொழிலாளிகளும் தாங்கி நிற்கிற கையில் நிற்கிறது என்ற பொருளில் அன்றைக்குப் பேசினார். (அவர் கம்யூனிஸ்டா அம்பேத்கரியவாதியா என்று இன்னைக்கும் நமக்குள் சண்டை. அது இன்னொரு நாளைக்கு.)

டிசம்பர் 6 அன்று தாதர் சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் சனம் வருகிறது. பக்கத்தில் சிவாஜி பார்க்கில் வரிசை வரிசையாகப் புத்தகக் கடை. அண்ணல் படத்தோடு புத்தகமும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள் கூலிக்காரச் சனங்கள். யாரும் அதை இலக்கிய விழா என்று நோட்டீஸ் அடிப்பதில்லை. எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய இலக்கிய விழா இல்லை.

நம்ம பக்கம் பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். முதலில் சொந்த ஊரிலேயே கோபப்பட்டார்கள். பிறகுதான் ஊர் அதைத் தன் புத்தகமாக ஏற்றுக்கொண்டது. அவரே சொல்லியிருக்கிறார். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவங்க முன்னாடி வாசிப்பது லேசான காரியம் இல்லை. விமர்சகனைவிடக் கறாரான ஆளுங்க இந்தப் பாயில் உட்கார்ந்திருக்காங்க.

இனி உங்க விசயம். போன வருசம் கட்டுரைப் போட்டி வைத்தோம், அண்ணலின் வாழ்வும் பணியும் என்று. எல்லாக் கட்டுரையும் '1891 ஏப்ரல் 14 அன்று' என்று தொடங்கி, ஒரே கைடில் பார்த்து எழுதினது. பிள்ளைகள்மேல் தப்பில்லை, தலைப்புக் கொடுத்தவன்மேல்தான். பள்ளிக்கூடத்து மனப்பாடத்துக்கு நாமும் ஒரு எவர்சில்வர் தட்டு பரிசு கொடுத்தோம்.

ஒரே ஒரு பேப்பர் வேற மாதிரி இருந்தது. ஸ்காலர்ஷிப் பாரம் கொடுக்கிற நாளில் வகுப்பில் "எஸ்.சி. எல்லாம் எந்திரிங்க" என்று சொன்னதைப் பற்றி ஒரு தங்கச்சி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தது. எந்திரிச்சப்போ பக்கத்தில் இருந்த சிநேகிதி தன் டிபன் பாக்ஸைக் கொஞ்சம் தள்ளி வைத்ததை எழுதியிருந்தது. கடைசியில், 'இதைப் படிக்க வேண்டாம், என் பேரும் வேண்டாம்.'

குழுவுக்குள் பெரிய சண்டை. இதுதான் கலக எழுத்து, இதை மேடையில் படிச்சே ஆகணும் என்றார்கள் பாதிப் பேர். நானும் அந்தப் பக்கம்தான். அப்போ ஒரு பெண் தோழர் கேட்டார்: "வகுப்புல எந்திரிக்க வச்சாங்க. நீங்க மேடையில எந்திரிக்க வைக்கப் போறீங்களா?" அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பேப்பரை அந்தத் தங்கச்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அதனால் இன்னைக்குப் போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பெரியவரோடு உட்காருங்க. ஒரே ஒரு நாளைப் பற்றிக் கேளுங்க. அவங்க சொன்ன வாயிலேயே எழுதுங்க. எழுதினதை அவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க. 'அப்படி இல்ல' என்றால் அடிச்சுட்டு மறுபடி எழுதுங்க. அவங்க சம்மதிச்சா மட்டும் சாயங்காலம் மைக்கில் வாசிக்கலாம். உங்க சொந்தக் கதையை எழுதுறவங்க யார்கிட்டயும் காட்டணும் என்று கட்டாயம் இல்லை. உதவிக்கு வந்திருக்கிற ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'குந்துனோம்' என்று இருந்தால் தயவுசெய்து அதை 'அமர்ந்தோம்' என்று திருத்திவிடாதீங்க.

வாசிக்க வந்திருக்கிற எழுத்தாளர்களும் இங்கே கீழே இருந்துதான் வாசிக்கப் போறாங்க. நடுவில் யார் கை தூக்கினாலும் நிறுத்துவாங்க, பேசி வைத்திருக்கிறோம். மைக் ஒயர் கடைசிப் பாய் வரைக்கும் எட்டும். நேத்து ராத்திரியே இழுத்துப் பார்த்துட்டேன்.

பதினொரு மணிக்குக் கஞ்சி வருது. உட்கார்ந்தே குடிக்கலாம். அதுக்குள்ள நோட்டு வாங்காதவங்க இந்தப் பக்கமா வாங்க.