கணக்கு யார் பேரில், கையெழுத்து யாருடையது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். “எத்தனை தவணை, வட்டி எவ்வளவு, படித்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டபிறகே கையெழுத்து வாங்கிப் பழகியவன். அந்தப் பழக்கத்தில்தான் பேசுகிறேன்.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இல்லாத வீடு நம் குடியிருப்பில் குறைவு. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் இவை இரண்டும்தான் முன்னணி. வடிகட்டும் திறனைக் காட்டும் எண் 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. உடனே நாம் “டயாலிசிஸ் எப்போது?” என்று கேட்கிறோம்.

வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். பலருக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை. தேவைப்பட்டால் தயங்கவே கூடாது. ஆனால் 80 வயதைத் தாண்டி, இதய நோயும் சேர்ந்து, படுக்கையில் இருப்பவருக்கு அது கூட்டித் தரும் ஆயுள் குறைவாக இருக்கலாம். அந்த நாட்களும் ஆஸ்பத்திரியிலேயே கழியலாம்.

அவர்களுக்கு டயாலிசிஸ் இல்லாத பராமரிப்பும் உண்டு. அதற்குக் கைவிடுவது என்று பொருள் இல்லை. ரத்தசோகைக்கு ஊசி, நீர் இறங்க மாத்திரை, அரிப்புக்கும் குமட்டலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து, கடைசிவரை வலி தணிப்பு, எல்லாம் தொடரும்.

டாக்டரிடம் கேளுங்கள்: டயாலிசிஸ் செய்தால் இவருடைய அன்றாடம் எப்படி இருக்கும்? செய்யாவிட்டால் எப்படி? சில வாரம் செய்து பார்த்து, ஒத்துவராவிட்டால் நிறுத்தலாமா? இரவில் மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது?

பெரியவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகள் மட்டும் உள்ளே போய்ப் பேசும் வழக்கத்தை விடுங்கள். கணக்கு யார் பேரிலோ, அவர் கையெழுத்துதானே செல்லும்? அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே முதலில் கேளுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023-இல் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து, அவ்வளவுதான்.

பெரியவர் தெளிவாகப் பேசும்போதே, இந்த ஞாயிற்றுக்கிழமையே, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். ஐ.சி.யூ. வாசலில் நின்று அவர் மனதில் இருப்பதை ஊகிக்கும் நிலை எந்த வீட்டுக்கும் வர வேண்டாம்.