லப்-டப் என்னும் கதவுச் சத்தம்

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், தூங்கும்போது அதன் மார்பில் மெல்லக் காதை வைத்துக் கேளுங்கள். லப்-டப், லப்-டப் என்று கேட்கும். இதயத்துக்குள் கதவுகள் சாத்திக்கொள்கிற சத்தம் அது.

இதயத்தில் நான்கு அறைகள். மேலே இருப்பவை ஆரிக்கிள்கள், கீழே இருப்பவை வெண்ட்ரிக்கிள்கள். உடம்பெங்கும் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ரத்தம் வலது மேலறைக்கு வந்து, மூவிதழ் வால்வு வழியே வலது கீழறைக்கு இறங்கும். அந்த அறை சுருங்கியதும் நுரையீரலுக்குப் போய், ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்கு வரும். பிறகு மிட்ரல் வால்வைத் தாண்டினால் இடது கீழறை. இதன் சுவர் வலது கீழறைச் சுவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ரத்தத்தை அனுப்ப வேண்டியது இந்த அறைதானே!

கீழறைகள் இரண்டும் ஒன்றாகச் சுருங்கும். அப்போது ரத்தம் மேலே ஏறிவிடாதபடி மேலறை வால்வுகள் மூடும், அதுதான் ‘லப்’. வெளியே போன ரத்தம் திரும்பி வராதபடி தமனிகளின் வாசலில் உள்ள வால்வுகள் மூடும், அது ‘டப்’.

இதயம் தள்ளுகிற ரத்தம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். நம் உடம்பின் மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாப்பிட்ட உணவிலிருந்து ஈரல் புதிது புதிதாக ரத்தம் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்று மருத்துவ உலகம் பல நூற்றாண்டுகள் நம்பியது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளுகிற ரத்தமே உடம்பில் உள்ளதைவிட அதிகம். இவ்வளவையும் எந்த உணவும் தராது. ஆகவே போன ரத்தமே சுற்றித் திரும்புகிறது என்று 1628-ல் புத்தகம் எழுதி நிறுவினார்.

இதயத்தின் இந்த வால்வுக் கதவுகளைக் கெடுக்கிற நோய் ஒன்று, பிள்ளைகளின் தொண்டைப் புண்ணில் தொடங்குகிறது. சில வகைத் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். மூட்டுகள் மாறி மாறி வீங்கி வலிக்கும். இந்த ருமாட்டிக் காய்ச்சல் மிட்ரல் வால்வைத் தழும்பாக்கிவிடலாம். பெற்றோரே, பிள்ளைக்குத் தொண்டை வலியோடு காய்ச்சலும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தருகிற மாத்திரையை, வலி நின்றதும் நிறுத்திவிடாமல் கடைசி நாள் வரை கொடுங்கள்.