அந்தப் புகை எங்கே போகிறது?

(மயிலாப்பூர்ப் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சுற்றுச்சூழல் கல்வி பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மரம் நடுவதையும் நெகிழி ஒழிப்பையும் நாம் ஆண்டு முழுவதும் பேசுகிறோம். இன்று கப்பல்களைப் பற்றிப் பேசுகிறேன்.

பட்டினப்பாக்கத்திலோ பெசன்ட் நகரிலோ மாலையில் நின்றால் அடிவானத்தில் வரிசையாக விளக்குகள் தெரியும். துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் அவை. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "நின்னுட்டு இருக்கிற கப்பல்ல எதுக்கு டீச்சர் புகை வருது?" என்று கேட்டாள். உள்ளே விளக்குக்கும் இயந்திரங்களுக்கும் மின்சாரம் வேண்டும், அதற்கு ஜெனரேட்டர் ஓடும் என்றேன். "அந்தப் புகை எங்க டீச்சர் போகும்?" என்றாள். "காத்துல கலந்து காணாமப் போயிடும்மா" என்றேன்.

அவள் விடவில்லை. "எங்க சித்தி வீடு எண்ணூர்ல இருக்கு டீச்சர். அங்க எதுவும் காணாமப் போகாது. எல்லாம் வீட்டுக்குள்ளதான் வந்து படியும்."

அதற்கு முந்தைய வாரம்தான் அந்த வகுப்பில் பொருண்மை அழியா விதியை நடத்தி முடித்திருந்தேன். கரும்பலகையில் எழுதிப் போட்டதைக் கடற்கரையில் நானே மறந்துவிட்டேன். அந்தக் கேள்விக்காகத்தான் பிறகு நிறையப் படித்தேன்.

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பின் அடியில் தங்கும் கெட்டியான எண்ணெயைத்தான் பெரிய கப்பல்கள் நெடுங்காலமாக எரித்து வருகின்றன. சூடாக்கினால்தான் அது குழாயில் ஓடும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கடலில் கொட்டி, கரையில் வாளி வாளியாக அள்ளினார்களே, அது அந்த வகை எரிபொருள்தான். அதில் கந்தகம் அதிகம். எரியும்போது சல்பர் டை ஆக்சைடு வரும். மூச்சுக்குழாயை அரிப்பதும் இதுதான், மழை நீரில் கரைந்து அமிலமாவதும் இதுதான்.

இதைக் கட்டுப்படுத்த லண்டனில் உள்ள பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு விதிகள் வகுத்தது. மார்போல் ஒப்பந்தத்தின் ஆறாம் இணைப்பு என்று அதற்குப் பெயர். 2005-ல் நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 2012 முதல் 3.5 சதவீதமாகவும், 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது.

இதை நான் கணக்காகவே வகுப்பில் கொடுத்தேன். ஒரு கப்பல் நாளொன்றுக்கு 30 டன் எண்ணெய் எரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரம்பில் கந்தகம் 1050 கிலோ. புதிய வரம்பில் 150 கிலோ. கந்தகத்தின் அணு நிறை 32, சல்பர் டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 64. ஆக, வெளிவரும் வாயு 2100 கிலோவிலிருந்து 300 கிலோவாகக் குறைகிறது. சதவீதக் கணக்கு, வேதியியல், சமூக அறிவியல் மூன்றும் ஒரே பாடவேளையில் நடந்தன.

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அடுத்த கணக்கைப் போட்டேன். நம் பேருந்துக்கு ஊற்றும் பி.எஸ்.6 டீசலில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கந்தகம்தான் இருக்கலாம். கப்பல் எண்ணெயில் இன்றைக்கும் 5000 மில்லிகிராம் இருக்கலாம். 500 மடங்கு! பால்டிக் கடல், வட கடல், வட அமெரிக்கக் கரையோரம் ஆகியவற்றில் வரம்பு 0.1 சதவீதம். மத்தியதரைக் கடலும் 2025 மே மாதம் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நம் வங்கக் கடல் அதில் இல்லை. அங்கே சுத்தமான எண்ணெய் எரிக்க வேண்டிய அதே கப்பல், இங்கே வந்தால் ஐந்து மடங்கு கந்தகமுள்ள எண்ணெயை எரிக்கலாம். விதி அதை அனுமதிக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. புகைபோக்கியில் ஸ்கிரப்பர் என்ற கருவியைப் பொருத்தினால் பழைய எண்ணெயையே எரிக்கலாம். அது புகையைக் கடல்நீரால் கழுவும். கழுவிய நீர் பல கப்பல்களில் மீண்டும் கடலுக்கே போகிறது. காற்றில் இருந்தது தண்ணீருக்குப் போயிற்று. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசியும் இரும்புத்தாதுத் தூசியும் வட சென்னை வீடுகளில் படிந்தன. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் அங்கே அவற்றைக் கையாள்வது நிறுத்தப்பட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் நிலக்கரி நின்றுவிடவில்லை, எண்ணூருக்குப் போனது. ராயபுரம் மூச்சுவிட்டது. அந்தச் சித்தியின் வீட்டில் தூசி படிந்தது.

அடுத்து வரவிருக்கும் விதி, கப்பல்களின் பசுங்குடில் வாயுக்கள் பற்றியது. மொத்த டன்னேஜ் 5000-க்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் படிப்படியாகத் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும், வரம்பு மீறினால் பணம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். 2050 வாக்கில் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவது இலக்கு. 2025 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அக்டோபரில் இறுதி முடிவு ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுப்பதும் பேசப்படுகிறது. நல்லதுதான். அந்த மின்சாரம் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து வந்தால்? அம்மோனியாவை எரித்தால் கார்பன் வராது. அந்த அம்மோனியாவை எதிலிருந்து தயாரித்தார்கள்?

விதிகளால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. 2100 என்பது 300 ஆனது விதியால்தான். ஒவ்வொரு விதி வரும்போதும் "அது இப்போது எங்கே போகிறது? யார் வீட்டுக்குப் போகிறது?" என்று கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தொடக்க வகுப்பில் ஜன்னல் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லலாம். உயர்நிலை வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுக்கலாம். எண்ணூர், திருவொற்றியூர்ப் பள்ளிகளில் பணியாற்றும் நம் சக ஆசிரியர்களோடு பேசி, அங்குள்ள பிள்ளைகளும் இங்குள்ள பிள்ளைகளும் கடிதம் எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். ஒரே துணியை இரண்டு ஊரிலும் துடைத்துப் பார்த்தால் பாடம் தானாக நடக்கும்.

கடற்கரைக்குப் போய்வந்த மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தப்பும்மா. காணாமப் போகாது" என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "தெரியும் டீச்சர்" என்றாள்.