நோவறிதலும் சினமடக்கலும்



பிறர் துயர் அறிந்தவன் கை ஓங்கான் என்றே நாம் நம்பி வந்துள்ளோம். வேச்சன், லைனம், ஜான்சன் என்னும் உளவியலார் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கி, 2014-ஆம் ஆண்டில் வேறு கூறினர்: மனிதரிடையே வன்மை மிகுவதும் குறைவதுமான வேறுபாட்டில், பரிவால் விளக்கக்கூடியது நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே.

நமக்கு இது வியப்பன்று. சாதிப் பெயர் சொல்லி இழிப்பவன், அச்சொல் எங்கே தைக்கும் என்பதை அறிந்தே எய்கிறான். நோவை அறிதல் வேறு. அதைத் தன் நோவாக ஏற்றல் வேறு. ஏற்ற பின்னும், சினமடக்கப் பயிலாத இளைஞன் தவறவே செய்வான்.

நம் விடுதியிலும் மூத்தவன் இளையவனை அடித்ததுண்டு. வெளியே பட்ட அடியை உள்ளே இறக்கி வைத்தோம். இதை மறைத்தல் வேண்டா. கையை அடக்குவோம், அநீதியின் மீதுள்ள சினத்தை அணைய விடோம். அச்சினம் கல்வியாகவும் ஒற்றுமையாகவும் விளையட்டும்.