இகழ்ச்சி என்னும் சொல்

வடகாஞ்சி எனப் போற்றப்பெறும் இம்மீஞ்சூரில், காமாட்சியம்மையோடு எழுந்தருளியிருக்கும் ஏகாம்பரநாதப் பெருமான் திருமுன் இன்று ஒரு சொல்லைப் பற்றிச் சிந்திக்க விழைகின்றோம். அஃது இகழ்ச்சி என்னும் சொல்.

இகழ்ச்சி என்றவுடன் ஏசுதலையும் வைதலையுமே நினைக்கின்றோம். பண்டைத் தமிழில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது மறதி. அவ்வதிகாரத்துள் திருவள்ளுவர் இகழ்ச்சி என்னும் சொல்லை ஆள, பரிமேலழகர் அதற்கு மறப்பு என்றே பொருள் கண்டார். ஆகவே, எண்ணத்தக்கவரை எண்ணாது விடுதலும் இகழ்தலேயாம்.

வடமொழியினின்று வந்து வழங்கும் சொற்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. அலட்சியம் என்பது இலக்காகக் கொள்ளாமை. உதாசீனம் என்பது விலகி அமர்ந்திருத்தல். அரசியல் நூல்களில் நட்பும் பகையும் இல்லாத நொதுமல் வேந்தனுக்கு அது பெயர். பகவத்கீதையிலோ, வினையில் ஒட்டாத இறைவன் நிலைக்கே உவமையாயிற்று. அத்துணை உயர்ந்த சொல், நம் வீட்டு வாயிலுக்கு வந்தபோது, ‘பெற்ற பிள்ளையே எம்மை உதாசீனம் செய்துவிட்டான்’ என்னும் கண்ணீராகிவிட்டது! பற்றற்று விலகியிருத்தல் இறைவனுக்கு அழகு. நமக்கு அவ்வழகு வாய்ப்பதில்லை போலும்.

தக்கன் சிவபெருமானை வாயாலும் நிந்தித்தான். ஆயினும் அவன் செய்த பெரும்பிழை யாது? வேள்வியில் பெருமானுக்குரிய அவிர்ப்பாகத்தை விலக்கியது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்திருக்கும் அன்பர்களுக்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை. அங்கே ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு; ஏரியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். ஒருவர் முறை வருங்கால் அவர் பெயரை விட்டுவிட்டால், வசைமொழி ஒன்றும் கூறாமலே அவரை இகழ்ந்தாயிற்று அன்றோ?

இனித் திருவாரூருக்குச் செல்வோம். தேவாசிரியன் மண்டபத்தில் அடியார்கள் திரண்டிருந்தனர். அவர்க்குத் தாம் அடியராகும் நாள் எந்நாளோ என்று நெஞ்சுள் நினைந்தவாறே, சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஒருபுறமாக ஒதுங்கிச் சென்றார். உள்ளத்தில் அன்பு இருந்தது. ஆனால் அது பிறர் கண்ணுக்குப் புலப்படவில்லை. மலைநாட்டுச் செங்குன்றூரிலிருந்து வந்திருந்த விறன்மிண்ட நாயனார் அதனைப் பொறுத்திலர். ‘வன்றொண்டனும் புறகு, அவனை ஆண்டுகொண்ட பெருமானும் புறகு’ என்று கூறிவிட்டார். எத்துணைத் துணிவு! பெருமான் அவரைச் சினந்தாரில்லை. சுந்தரருக்கு அடியெடுத்துக் கொடுத்துத் திருத்தொண்டத்தொகை பாடச் செய்தார்.

அப்பதிகத்தின் அமைப்பை நோக்குங்கள். அடியார் அனைவர்க்கும் அடியேன் என்று ஒரே தொடரில் முடித்திருக்கலாம். சுவாமிகள் அவ்வாறு செய்தாரில்லை. தனியடியார் 60 பேரையும், தொகையடியார் 9 திறத்தாரையும் முறையே எண்ணி, அவரவர்க்கு அடியேன் என்று வணங்குகின்றார். மறையவரும் உண்டு, மன்னரும் உண்டு. குயவரும் வேடரும் வண்ணாரும் உண்டு. நாகைக் கடற்கரைப் பரதவராகிய அதிபத்த நாயனாரும் உண்டு.

மீன்கூடையை வாயிலருகே இறக்கிவைத்து ஒரு மூதாட்டி தரிசன வரிசையில் நிற்க, முன்னும் பின்னும் உள்ளோர் மூக்கைப் பொத்தி ஒதுங்குவதைப் பல தலங்களில் நாம் கண்டதுண்டு. அவ்வாறு ஒதுங்கியவரே, சற்று நேரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் அதிபத்தர் திருவுருவின் முன் கன்னத்தில் போட்டுக்கொள்வர். அவர் வலையில் மட்டும் மீன்மணம் இல்லையோ?

நாள்தோறும் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவது அதிபத்தர் கொண்ட நியமம். வளம் குன்றி நாளுக்கு ஒரு மீனே அகப்பட்ட காலத்தும் அதனையே விட்டார். சுற்றமும் தாமும் பட்டினி கிடந்தார். இறுதியில் பொன்னும் மணியுமாய் ஒளிவீசும் மீன் ஒன்று வந்தது. உடனிருந்தவர் வியந்து கூவ, அதனையும் பெருமானுக்கே என்று அலையில் விட்டார். விடைமேல் இறைவன் தோன்றியது அப்பொழுதுதான். அவர்தம் குருபூசை ஆவணித் திங்கள் ஆயிலிய நாள்.

திருச்சிற்றம்பலம்.