கை மடங்கவில்லை என்றால் எந்த டாக்டரிடம் போவது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றிப் பேச இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். நான் என் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "உடம்பு நோவையெல்லாம் மேடையில சொல்லணுமா?" என்று எங்க அத்தை கேட்டார்கள். எங்கே போகணும்னு தெரியாமல் நான் ரெண்டு வருஷம் அலைந்தேன். நீங்களும் அப்படி அலையக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு வருஷம் கழித்து ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் விறைத்துக் கிடக்கும். தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது, பிள்ளைக்குத் தலை பின்ன முடியாது. பத்து மணிக்கு மேல்தான் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். வாயு, குளிர்ச்சி, ரத்தம் இல்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நம்ம கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினேன். அம்மன் மேல் நம்பிக்கை இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் சரியான டாக்டரைத் தேடிப் போகிற வேலையை நாமதானே செய்யணும்?

பிறகு ஓர் இடத்தில் ஊசி போட்டார்கள். அன்றைக்கே கை பூ மாதிரி ஆகிவிட்டது. பத்து நாளில் பழையபடி வலி, மறுபடியும் ஊசி. என்ன ஊசி என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை, சீட்டும் தரவில்லை. பின்னால் பார்த்த டாக்டர், "அது ஸ்டீராய்டா இருக்கலாம்மா" என்றார். டாக்டர் அளவு பார்த்து, நாள் கணக்கு வைத்துக் கொடுத்தால் அதுவும் மருந்துதான். கணக்கில்லாமல் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். வலி அடங்கினதாக நான் நினைத்துக்கொண்டிருந்த நாளில் என் வலது கை மோதிர விரல் வளைந்துவிட்டது. அது இனி நிமிராது.

கடைசியில் ஓர் எலும்பு டாக்டர்தான் வழி காட்டினார். "இது தேய்மானம் இல்லம்மா, முடக்குவாதம் மாதிரி இருக்கு. ரூமட்டாலஜி டாக்டரைப் பாருங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பேரையே அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

வீட்டைக் காக்க வளர்த்த நாய் வீட்டு ஆளையே கடித்தால் எப்படி? நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நம் மூட்டைத் தாக்குவதுதான் முடக்குவாதம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. நல்லா ஓடியாடி வேலை செய்கிற வயதிலேயே வரும். இதற்கென்று படித்தவர்தான் வாதநோய் நிபுணர், அதாவது ரூமட்டாலஜிஸ்ட்.

அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் படிப்பு. எம்.பி.பி.எஸ்., அதற்குமேல் எம்.டி., அதற்கும்மேல் மூன்று வருஷம் டி.எம். ரூமட்டாலஜி. சில இடங்களில் கிளினிக்கல் இம்யூனாலஜி என்றும் இருக்கும். போர்டிலும் சீட்டிலும் பாருங்கள். மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் சீட்டில் இருக்க வேண்டும். "மூட்டுவலி ஸ்பெஷலிஸ்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது.

இரண்டாவது, எப்படிப் பார்க்கிறார். அனுபவமுள்ள டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அமுக்கிப் பார்ப்பார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு என்று கேட்பார். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. சோதனைகளை எழுதுவார். ஆர்.ஏ. ஃபேக்டர் ஒன்றை வைத்தே முடிவு செய்ய மாட்டார். நோய் இல்லாத சிலருக்கும் அது பாசிட்டிவ்வாக வரும், நோய் உள்ள சிலருக்கு நெகட்டிவ்வாக வரும். "என்னை மாதிரி ஆட்களை நிறையப் பாக்கீங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டேன், யாரும் கோபப்படவில்லை.

மூன்றாவது, மருந்தை விளக்கிச் சொல்கிறாரா? இந்த நோய்க்கு அதிகமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இடையிடையே ரத்தமும் ஈரலும் சோதிக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது கூடவே கூடாது. பிள்ளைக்கு ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் கேட்காமலே சொல்கிறவர் நல்ல டாக்டர்.

நான்காவது, நம்மால் தொடர்ந்து போக முடியுமா? ஒரு தடவை பார்த்து முடிகிற நோய் இல்லை இது. எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், பஸ் காசுக்கே வழியில்லை என்றால் பாதியில் விட்டுவிடுவோம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நம்ம ஊரிலிருந்து ராஜபாளையம், விருதுநகர் வழியாக ரயிலிலேயே போகலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களிலும் உண்டு. எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். விவரம் கேட்க 104 எண்ணுக்குப் போன் செய்யலாம். காப்பீட்டு அட்டையையும் பழைய சீட்டுகளையும் மறக்காமல் ஒரே பைக்குள் வையுங்கள்.

முதல் தடவை போகக் குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் எடுத்தேன். தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு" என்று எழுதும்போது ஊக்குநர் அக்கா, "இதைக் கேக்க ரெண்டு வருஷமா உனக்கு?" என்று திட்டினார்கள். இப்போது மாத்திரை விடாமல் போடுகிறேன். பிள்ளைக்கு நானே தலை பின்னுகிறேன். வளைந்த விரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இரண்டு கையிலும் வீக்கம், அதுவும் ஆறு வாரம் தாண்டினால் காத்திருக்காதீர்கள். மாதக் கூட்டத்தில் கடன் வசூல் முடிந்ததும் "யாருக்காவது கை மடங்கலையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் அப்படி யாராவது கேட்டிருந்தால் இந்த விரல் நிமிர்ந்திருக்கும்.