கற்பவர் வகுக்கும் பாதை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கடல் கடந்து இத்தீவில் குடியேறிய நம்மனோர்க்கு உயர்கல்வி நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. 1990ஆம் ஆண்டு மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி தோன்றிய பின்னரே, பட்டம் பெற விரும்பிய பிள்ளைகள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலை மாறிற்று. எனினும், விரும்பும் பாடங்கள் அனைத்தையும் ஒரு சிற்றூர்க் கல்லூரியே கற்பித்துவிட இயலாது. குடும்பச் சுமையால் வேலைக்குச் செல்பவர் நாள்தோறும் வகுப்பிற்கு வருதலும் அரிது.

இவ்விரு குறைகளையும் தீர்க்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இலும், மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கின. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. மூன்றாண்டு இளங்கலைப் படிப்பை ஆறாண்டு வரை நீட்டித்துக் கற்க அஃது இடமளிக்கின்றது. 2017இல் தொடங்கப்பெற்ற 'ஸ்வயம்' இணையத்தளத்தின் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ் வேண்டுவோரே தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும். கல்லூரி ஏற்குமாயின், ஒரு பருவத்துப் பாடங்களுள் 40 விழுக்காடு வரை இவ்வழியில் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள் இசைகின்றன.

அதே ஆண்டில் 'கல்வி மதிப்பலகு வங்கி' என்னும் ஏற்பாடும் வந்தது. உழைத்துச் சேர்த்த பணம் வங்கிக் கணக்கில் இருப்பது போலவே, தேர்ச்சி பெற்ற பாடங்களின் மதிப்பலகுகள் மாணவர் பெயரில் ஏழாண்டு வரை நிற்கும். புதிய பாடத்திட்ட முறையில், முதலாண்டை முடித்து, வரையறுத்த தொழிற்பயிற்சியும் பெற்று விலகுவோர்க்குச் சான்றிதழ் உண்டு. இரண்டாம் ஆண்டின் முடிவில் விலகுவோர்க்குப் பட்டயம். மூன்றாண்டு முடிப்போர்க்குப் பட்டம். இடையில் விலகியவர் மூன்றாண்டுக்குள் மீண்டும் சேரலாம்; ஆயின் படிப்பு முழுவதையும் ஏழாண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

பெற்றோர்களே, இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். நோயாலோ வறுமையாலோ இடையில் நிற்க நேர்ந்தவர்க்காக அமைக்கப்பட்டதே அவ்விலகு வாயில். "சான்றிதழ் கிடைத்துவிட்டது, இது போதும்" என்று சொல்லி, நம் பெண்மக்களை அவ்வாயில் வழியே வெளியேற்றி மணமேடைக்கு அனுப்புவோமாயின், அவர்கள் நன்மைக்கென வந்த சட்டமே அவர்களுக்குத் தடையாகிவிடும். விலகிய மகளுக்கோ மகனுக்கோ திரும்பிச் செல்லும் நாளையும் அன்றே குறித்து வைப்பது நம் கடமை.

மாணவச் செல்வங்களே, விருப்பம்போல் கற்கலாம் என்பது விரும்பும்போது மட்டும் கற்கலாம் என்பதன்று. வகுப்பு மணி ஒலிக்காத இடத்தில் நீங்களே மணியடித்துக்கொள்ள வேண்டும். நாளும் இரு மணி நேரத்தைப் படிப்பிற்கென ஒதுக்குங்கள். எப்பாடத்தை எடுப்பது என்பதை ஆசிரியரைக் கேட்டுத் துணியுங்கள். கல்லூரி ஏற்காத பாடத்தைக் கற்றால் அறிவு வளரும், மதிப்பலகு சேராது.

2020இல் சென்னையிலிருந்து வந்த கடலடிக் கம்பிவடம் நமக்குத் தெற்கே ரங்கத்துவரை எட்டியது. ஆயினும் மழைக்காலத்தில் இணையம் தடைப்படுவதை நாம் அறிவோம். ஆதலின் நம் சங்கம் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். சங்கக் கட்டிடத்தில் மாலை நேரத்தில் ஓர் அறையைப் படிப்பிற்கென ஒதுக்கலாம். பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்கலாம். சேர்க்கைக்கும் தேர்விற்கும் உரிய இறுதி நாள்களைப் பலகையில் எழுதி வைக்கலாம். பொருட்செலவு சிறிது, பயனோ பெரிது.

பாதையை வகுப்பவர் மாணவரே. எனினும் அவர் தனித்து நடவாமல் துணை நிற்பது நம் அனைவர் பொறுப்பாகும். அப்பொறுப்பை இவ்வாண்டே ஏற்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!